ஒரே கைடா, ஆலோசனைக் குழுவா?

முனைவர் பட்டத்துக்குச் சேரும்போது எல்லோருக்கும் தலைப்பைப் பற்றித்தான் கவலை. அடுத்த சில வருடங்களுக்கு நாம் எழுதுவதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசிப்பவர்கள் குறைவு. ஒரே நெறியாளரை நம்பிப் போவதா, மூன்று நான்கு பேர் கொண்ட குழுவோடு போவதா? சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஒற்றை நெறியாளர் முறை பழையது. ஜெர்மனியில் ஆய்வு நெறியாளரை 'டாக்டர்ஃபாட்டர்' என்பார்கள், அதாவது முனைவர் தந்தை. அந்தச் சொல்லிலேயே உறவின் நெருக்கம் தெரிகிறது. இந்த முறையின் பலத்தை நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு மதியம் முழுக்க என் கைடு என்னுடைய ஒரே ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சிலால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டு, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஏழாவது வரிசையில் நான் திணறினேன். இரண்டு பதிவுகளை இருமுறை எண்ணியிருந்தேன். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வரும் குழுவில் இது நடந்திருக்காது.

அதே கைடு அடுத்த வருடம் உடல்நலம் குன்றி மாதக்கணக்கில் விடுப்பில் போனார். அது அவர் தவறல்ல. ஆனால் என் மூன்றாம் இயலில் என்ன இருக்கிறது என்று தெரிந்த இன்னொரு மனிதர் அந்தத் துறையில் இல்லை. யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? காத்திருந்தேன், அவ்வளவுதான். ஒருவரையே நம்பியிருப்பதன் உண்மையான ஆபத்து இதுதான். கெட்ட கைடு வாய்ப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நல்ல கைடு இல்லாமல் போகும் காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

குழு முறை அமெரிக்காவில் நன்றாக வேரூன்றியது. அங்கே யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதல் பிஎச்.டி. பட்டங்களை வழங்கியது. இன்று அங்கே பொதுவாக முதலில் பாட வகுப்புகள், அப்புறம் தகுதித் தேர்வு, அதன்பின் குழுவின் முன் ஆய்வுத் திட்டம் என்று போகிறது. இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகள்படி ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும்.

குழுவின் பெரிய கொடை தேதி. மூன்று பேராசிரியர்களுக்கும் ஒத்துவரும் நாளைப் பிடிப்பதே பாடு; பிடித்துவிட்டால் எழுதாமல் போய் நிற்க முடியாது. தொந்தரவு எங்கே என்றால், ஒருவர் "இன்னும் பத்து நேர்காணல் எடு" என்பார், மற்றவர் "இருக்கிற தரவே அதிகம்" என்பார். இருவருக்கும் தலையாட்டிவிட்டு வந்தால் ஒரு வருடம் போய்விடும். கூட்டம் முடிந்த அன்றே என்ன முடிவானது, யார் சொன்னது, எப்போதைக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பி, மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்குள் இருக்கும் முரண்பாட்டை அவர்களே பேசித் தீர்க்கட்டும். மாணவர் தலையில் அது விழக்கூடாது. மாணவர், நெறியாளர், நிறுவனம் மூவரின் பொறுப்பும் வெளிப்படையான ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் முனைவர் படிப்புக்கென 2005இல் வகுத்த சால்ஸ்பர்க் கோட்பாடுகளும் சொல்கின்றன.

திட்டமிடுவதிலும் இரண்டு வழி உண்டு. முதல் மாதத்திலேயே நான்கு வருடத்துக்கும் கட்டம் போட்டு வண்ணம் தீட்டுவது ஒன்று. மூன்று மூன்று மாதமாகத் திட்டமிடுவது மற்றொன்று. ஒரு கருவி பழுதானாலோ ஓர் அனுமதி தாமதமானாலோ அந்தப் பெரிய கட்டம் பயனில்லாமல் போகிறது. உதவித்தொகை முடியும் நாள், நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடு என நகர்த்த முடியாதவற்றை மட்டும் நீண்ட திட்டத்தில் வைத்துவிட்டு, மற்றதை மூன்று மாதக் கணக்கில் வைப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது.

ஒரே சுவடி, ஒரே ஆவணத் தொகுப்பு என்று ஆழமாகத் தோண்டுபவருக்கு ஒற்றை நெறியாளர் போதும், அவருக்கு நேரம் இருந்தால். இரண்டு துறைகளைத் தொட்டு நிற்பவருக்குக் குழுதான். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்பவருக்கும் அதையே சொல்வேன், அந்தத் தேதிகளுக்காக. ஆனால் எந்தக் குழுவானாலும் வரிக்கு வரி படிப்பவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத குழுவுக்கு ஒற்றை நெறியாளரே மேல்.

சேரும் முன் அந்த நெறியாளரிடம் இப்போது ஆய்வு செய்யும் சீனியர் ஒருவரைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள்: "நீங்கள் கடைசியாகக் கொடுத்த இயல் திருத்தத்தோடு திரும்பி வர எத்தனை நாள் ஆனது?" மூன்று வாரம் என்றால் நிம்மதியாகச் சேரலாம். பதில் சொல்லாமல் அவர் சிரித்தால், இன்னொரு சீனியரையும் பாருங்கள்.