அப்பாவின் பழைய சைக்கிளில் மோட்டார்: மூன்று வருட அனுபவம்

அப்பா 1988ல் வாங்கிய கருப்பு சைக்கிள் இது. 28 அங்குல சக்கரம், கம்பி பிரேக், முழு செயின் கவர். 2022 ஜூனில் பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார் போட்டேன். மேடவாக்கத்திலிருந்து கிண்டி ஆபீஸ், போக வர சுமார் 24 கிலோமீட்டர். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் வண்டிப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை என்பதால் பெரிய மோட்டார் பக்கமே போகவில்லை.

மோட்டார் கிட் (சைக்கிளில் மாட்டும் மோட்டார் செட்) வாங்கும் முன் ரிம்மில் ஸ்போக்ஸ் மாட்டும் ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் வரும் மோட்டார் ஹப்பில் 36, பழைய பெரிய சைக்கிளின் பின் ரிம்மில் 40. அதனால் ரிம்மையே மாற்ற வேண்டி வந்தது. மோட்டார் அச்சுக்கு ஃபிரேமின் பின்பக்கத்தில் 135 மில்லிமீட்டர் இடம் வேண்டும், இதில் 115 கூட இல்லை. பழைய இரும்பு ஃபிரேம் என்பதால் மெக்கானிக் அண்ணன் நிதானமாக இரண்டு பக்கமும் விரித்துக் கொடுத்தார். அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்யவே கூடாது, விரிசல் விட்டுவிடும்.

அப்புறம் பிரேக். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புது ரிம்முக்குப் பின்பக்கக் கம்பி பிரேக் பொருந்தாது, கிட் மாட்டிய கடையில் "முன் பிரேக் ஒன்று போதும் சார்" என்றார்கள், நானும் சரி என்று ஐந்து மாதம் ஓட்டினேன். நவம்பர் மழையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய ரோட்டில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றது. குரோம் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காது, வழுக்கும். போதாததற்கு, மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு நொடி தள்ளும், பெடல் சுற்றுவதை மட்டும் பார்க்கிற சென்சார் அப்படித்தான். ஆட்டோவின் பின்பக்கத்தில் மோதி முழங்கையில் நாலு தையல். அந்த வாரமே பின்னால் டிஸ்க் பிரேக், முன்னால் அலுமினிய ரிம், பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் பிரேக் பிடி எல்லாம் போட்டேன். இவற்றுக்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் மோட்டாரே வேண்டாம் என்பேன்.

முதல் வருடத்தில் மூன்று ஸ்போக்ஸ் உடைந்தன. இப்போது மாதம் ஒரு முறை ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிப் பார்க்கிறேன். ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சைக்கிள் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. பேட்டரியை முதல் நாளே கழற்றி மாடிக்குக் கொண்டுபோனதால் அது பிழைத்தது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது, மோட்டாரைப் பிரித்து பேரிங் மாற்ற வேண்டி வந்தது. இப்போது கன்ட்ரோலருக்குப் போகும் ஒயரை ஒரு வளைவாகக் கீழே இறக்கி மேலே ஏற்றியிருக்கிறேன். மழைத்தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர். முழுசாகச் சார்ஜ் ஏற அரை யூனிட் கூட ஆகாது. புதிதில் 38 கிலோமீட்டர் வந்தது, இப்போது 27. விஜயநகர் மேம்பாலம் ஏறும்போது நானும் நன்றாக மிதித்தால்தான் வீடு வரை தாங்குகிறது. அடுத்த மாதம் பேட்டரிக்குள் இருக்கும் செல்களை மாற்றக் கொடுக்கப்போகிறேன், அதுவரை சார்ஜர் ஆபீஸ் பையில்தான்.