மினி டிராக்டர்ல ஓட்டுற பிடிஓ பம்பு, நாலஞ்சு வருச அனுபவம்

மினி டிராக்டரோட பிடிஓல, அதாவது இஞ்சின் பவர வெளிய எடுக்குற பின்பக்க ஷாப்ட்டுல, மாட்டி ஓட்டுற தண்ணி பம்பு வாங்கலாமான்னு யார் கேட்டாலும் மொதல்ல "வண்டி 18 எச்பி தான் இருக்கு, இழுக்குமா"ன்னு தான் ஆரம்பிக்கிறாங்க. அது தாராளமா இழுக்கும். எங்க மதுரை மாவட்டம் செல்லம்பட்டி, உசிலம்பட்டி பக்கம் பாக்க வேண்டியது வேற, தண்ணி எம்புட்டு ஆழத்துல கெடக்கு, பம்பு எந்த ஸ்பீடுல சுத்துனா சரியா தள்ளும், இதத்தான் கடைக்கு போறதுக்கு முன்னாடி தெரிஞ்சு வச்சுக்கணும்.

எச்பி கணக்க மொதல்ல முடிச்சுருவோம். செகண்டுக்கு 10 லிட்டர் தண்ணிய மொத்தமா 15 மீட்டர் உயரத்துக்கு தள்ள 2 எச்பி போதும், பம்புல வீணாகுறதையும் சேத்தா 4 எச்பி வரும். 18 எச்பி வண்டில பிடிஓ பக்கம் 14, 15 கெடைக்குது, அதனால இஞ்சின் மூச்சு வாங்காது. செகண்டுக்கு 10 லிட்டர்னா மணிக்கு 36,000 லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் தண்ணி கட்டணும்னா 2 லட்சம் லிட்டர் ஆகும், அப்ப அஞ்சரை மணி நேரத்துக்கு மேல ஓட்டணும். மல்லிக்கு பாத்தில செடிய சுத்தி நனைஞ்சா போதும்ங்கிறதால அம்புட்டு நேரம் ஆகுறதில்ல.

இப்ப ஆழம். இதுல தான் நெறைய பேரு காச விடுறாங்க. மேல நின்னு உறிஞ்சுற எந்த பம்பா இருந்தாலும், எம்புட்டு பெரிய டிராக்டர மாட்டுனாலும், கணக்குப்படியே 34 அடிக்கு கீழ இருந்து தண்ணிய உறிஞ்ச முடியாது, ஏன்னா தண்ணிய மேல தள்ளுறதே காத்தோட அழுத்தம் தான், பம்பு வெற்றிடத்த மட்டும் தான் உண்டாக்குது. குழாய் உராய்வு, வெயில் சூடு எல்லாம் போக நடைமுறைல 20 அடி, ரொம்ப நல்ல செட்டிங்கா இருந்தா 22, 23 அடி. எங்க கெணத்துல கார்த்திகை மார்கழில மழை நல்லா பேஞ்சிருந்தா தண்ணி கைக்கு எட்டுற மாதிரி நிக்கும், பங்குனி பொறந்தா அடில கெடக்கும். அப்ப இந்த பம்பு கெணத்துக்கு ஆகவே ஆகாது. கடைல "முப்பது அடி தாராளமா எடுக்கும்ணே"ன்னு சொன்னா, அது தள்ளுற உயரமா உறிஞ்சுற ஆழமான்னு திருப்பி கேளுங்க. பெரும்பாலும் தள்ளுற உயரத்த தான் சொல்றாங்க.

அப்பறம் கோடைல இத வச்சு என்ன பண்றேன்னா பண்ணைக்குட்டை தான். போர்வெல்லுல வர்றது ஒரு இஞ்சு தண்ணி, அத நேரா வாய்க்கால்ல விட்டா பாதி தூரத்துலயே மண்ணு குடிச்சுரும், கடைசி பாத்திக்கு வந்து சேராது. மும்முனை கரண்டு வர்ற நேரத்துல போர் மோட்டார வச்சு குட்டைய நெரப்பி வச்சுட்டு, விடியக்காலைல டிராக்டர் பம்ப வச்சு ஒரே மூச்சா பாய்ச்சிர்றேன். தண்ணி வேகமா ஓடுறதால மடை மாத்துறதுக்கு ஆளு நிக்க வேண்டிய நேரம் பாதியா கொறஞ்சிருச்சு. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த பம்பு மேல பிரியம்.

ஸ்பீடுக்கு வருவோம். பிடிஓ வழக்கமா 540 ஆர்பிஎம்ல, அதாவது நிமிசத்துக்கு 540 சுத்து தான் சுத்தும், பம்புக்கு 1500 இல்லாட்டி அதுக்கு மேலயே வேணும். அதுக்கு பெல்ட் புல்லி, இல்லாட்டி கியர் பாக்ஸ். பெல்ட் செட்டு வெல கம்மி, ஆனா தூசிலயும் ஈரத்துலயும் வழுக்கும், டென்ஷன் பாத்துக்கிட்டே இருக்கணும். எங்க சித்தப்பா மகன் அத தான் வச்சிருக்கான், பம்பு நல்ல பம்பு தான், பெல்ட் மாத்தி மாத்தியே சலிச்சு போயிட்டான். நான் எடுத்தது கோயம்புத்தூர் பக்கம் செஞ்ச கியர் பாக்ஸ் பம்பு, வார்ப்பிரும்பு பாடி, டிராக்டருக்கு பின்னாடி கலப்பை மாட்டுற மூணு பாயிண்டுல மாட்டிக்கலாம். சில மினி டிராக்டர்ல 540 போக இன்னொரு ஸ்பீடும் இருக்கும், அதனால வண்டி புக்க பாத்துட்டு பம்பு கேளுங்க, தப்பான ஸ்பீடுல போட்டா ஒண்ணு தண்ணி ஏறாது இல்ல பேரிங் போயிரும்.

இன்னொரு விசயம், முழு ஸ்பீடுல தான் ஓட்டணும்னு இல்ல. 540ல இருந்து 450க்கு கொறச்சா தண்ணி ஆறுல ஒரு பங்கு தான் கொறையும், ஆனா இழுக்குற பவரு 40 சதவீதத்துக்கு மேல கொறையும். தள்ளுற உயரமும் கொறையும்ங்கிறதால மேட்டுக்காட்டுக்கு இது சரிப்படாது, குட்டைல இருந்து சமதளத்துக்கு விடுறப்ப ஆக்சிலேட்டர கொறச்சு வச்சு தான் ஓட்டுறேன், டீசல் நல்லா மிச்சமாகுது.

குழாய்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அதே அளவு தண்ணிய 3 இஞ்சுக்கு பதிலா 2 இஞ்சு ஓஸ்ல தள்ளுனா உராய்வு ஏழு மடங்குக்கு மேல போயிரும், அம்புட்டும் டீசல் தான். உறிஞ்சுற பக்கம் இன்னும் முக்கியம், பம்பு வாய விட சின்ன ஓஸ் போடவே கூடாது, வளைவும் கம்மியா இருக்கணும். பம்புக்குள்ள கூழாங்கல்ல போட்டு உருட்டுற மாதிரி சத்தம் வந்தா உறிஞ்சுற பக்கம் தண்ணி பத்தலன்னு அர்த்தம், அப்பிடியே ஓட விட்டா இம்பெல்லர, அதாவது உள்ள சுத்தி தண்ணிய தள்ளுற சக்கரத்த, அரிச்சு பொத்தலாக்கிரும். உறிஞ்சுற ஓஸ் நுனில இருக்குற ஃபுட் வால்வு சேத்துல உக்காரக் கூடாது, ஒரு காலி கேன கட்டி மெதக்க விட்டு, தண்ணிக்குள்ள ரெண்டடி கீழ தொங்குற மாதிரி வச்சிருக்கேன், பாசியும் எலையும் அடைக்கிறது ரொம்ப கொறஞ்சிருச்சு.

பராமரிப்புல மொதல்ல கிளாண்ட் கயிறு, அதாவது ஷாப்ட்டு பம்புக்குள்ள போற எடத்துல தண்ணி ஒழுகாம இருக்க சுத்துற கயிறு. தண்ணி சொட்டுதேன்னு நட்ட இறுக்கி சொட்டே இல்லாம பண்ணிட்டா ஷாப்ட்டு சூடேறி தேஞ்சுரும், சொட்டு சொட்டா விழணும், அது தான் அதுக்கு எண்ணெய் மாதிரி வேல செய்யுது. கியர் ஆயில அப்பப்ப தொறந்து பாருங்க, வெள்ளையா நொரச்சிருந்தா சீல் போய் தண்ணி உள்ள எறங்கிருச்சு, அதுக்கு மேல ஒரு நிமிசமும் ஓட்டாதீங்க. டிராக்டர் நின்ன எடத்துலயே மணிக்கணக்கா ஓடுறதால ரேடியேட்டர்ல சருகு அடையும், ஹவர் மீட்டரும் ஏறும், உழவு ஓட்டலயேன்னு ஆயில் சர்வீஸ தள்ளிப் போடக் கூடாது.

பிடிஓ ஷாப்ட்டுக்கு பிளாஸ்டிக் மூடி இல்லாம தயவு செஞ்சு ஓட்டாதீங்க. வேட்டி, துண்டு, சேலத் தலப்பு ஒரு நூலு சிக்குனா போதும், கைய இழுக்குறதுக்கு நேரமே இருக்காது. எங்க வீட்ல பொம்பளைங்களும் மடை கட்ட வருவாங்க, ஓடுறப்ப அந்த பக்கமே வரக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லி வச்சிருக்கேன். பம்ப தூக்கிக்கிட்டே ஓட்டாம தரைல ஸ்டாண்டுல எறக்கி ஷாப்ட் நேரா இருக்குறப்ப ஓட்டுனா ஜாயிண்ட் ஆட்டமும் வராது.

செலவுன்னு பாத்தா விவசாய கரண்டு இலவசமா கெடைக்கிறவங்களுக்கு, மேல தண்ணி இருக்குற கெணறும் இருந்தா, மோட்டாரே போதும். கரண்டு சர்வீசுக்கு எழுதி போட்டு காத்திருக்கறவங்க, குட்டை வெட்டுனவங்க, ரெண்டு மூணு எடத்துல காடு இருக்குறவங்களுக்கு தான் இது லாபம். போர்ல இருந்து நேரா எடுக்கணும்னா இந்த பம்பு ஒதவாது, டிராக்டர்ல ஜெனரேட்டர மாட்டி, போருக்குள்ள எறக்குற சப்மெர்சிபிள் மோட்டார ஓட்டலாம், ஆனா 5 எச்பி மோட்டார் கெளம்புறப்ப இழுக்குற கரண்டுக்கு மினி டிராக்டர் தெணறும்.

எனக்கு இது வரைக்கும் மாத்துனது கிளாண்ட் கயிறு, ஒரு ஆயில் சீல், எலி கடிச்ச டெலிவரி ஓஸ், அவ்வளவு தான். இம்பெல்லரும் பேரிங்கும் வாங்குனப்ப போட்டதே தான் இன்னும் ஓடுது.