மறைத்துச் சாப்பிடுவதா, பழகிச் சாப்பிடுவதா? மரக்கறி இறங்காத பெரியவர்களுக்கு

26 வயதுவரை நான் மரக்கறி என்று சாப்பிட்டது உருளைக்கிழங்கும் வாழைக்காய்ப் பொரியலும்தான். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் குழம்பை மட்டும் சோற்றில் விட்டுக்கொள்வேன், காய் சட்டியோடு கிடக்கும். பயற்றங்காய் வறையில் தேங்காய்ப்பூவை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்ட நாள்களும் உண்டு.

2009 இல் வன்னியில் போர் முடிந்தபோது எனக்கு 11 வயது. முகாமில் இருந்த மாதங்களில் பெரும்பாலும் சோறும் பருப்பும்தான். ஊர் திரும்பிய பிறகு நான் எதைக் கேட்டேனோ அதை மட்டுமே அம்மா கோப்பையில் போட்டார். பசி கிடந்த பிள்ளையிடம் "இதையும் தின்" என்று வற்புறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். வன்னியில் என் வயதுக்காரர் சிலரோடு பேசும்போது அவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு மரக்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, வற்றாளை, மரவள்ளி எல்லாம் அந்தக் கணக்கில் வராது. இதை வாசித்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. கல்யாணம் முடித்து முல்லைத்தீவின் ஒட்டுசுட்டான் பக்கம் வந்ததில் இருந்து இரண்டு வருடமாக ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்துவிட்டேன். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் எல்லாரும் சொல்லும் வழி, மறைப்பது. மரக்கறி பிடிக்காது என்று சொல்பவர்கள்கூடக் கொத்துரொட்டியை ஒரு பிடி மிச்சம் வைக்கமாட்டார்கள். அதற்குள் லீக்ஸ், கரட், கோவா எல்லாம் இருக்கிறது. நானும் வருடக்கணக்காக அப்படிச் சாப்பிட்டவன்தான். அதைப் பார்த்துத்தான் மனைவி ரொட்டி மாவுக்குள் முருங்கையிலையை அரிந்து போட்டார், பருப்புக்குள் பூசணிக்காயைக் கரைய விட்டார். இந்த வழியில் நன்மை உடனே கிடைக்கும். அன்றைக்கே ஏதோ ஒரு இலையோ காயோ வயிற்றுக்குள் போய்விடும், வீட்டில் சண்டையும் இல்லை.

ஆனால் கொத்தில் இருக்கும் மரக்கறியை எல்லாம் பிரித்து எடுத்தால் ஒரு கைப்பிடி தேறாது, எண்ணெயும் உப்பும்தான் அதிகம். இதைவிடப் பெரிய குறை, நாக்கு எதையும் பழகுவதில்லை. ஆறு மாதம் பருப்புக்குள் பூசணிக்காய் சாப்பிட்ட பிறகும், பூசணிக்காய்த் துண்டு ஒன்றை முழுதாகக் கண்டபோது எனக்குக் குமட்டத்தான் செய்தது. பெரியவர்களுக்குத் தெரியாமல் மறைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வேளை பருப்பையும் கிளறிப் பார்க்கத் தோன்றும். மறைப்பதென்றால் சாப்பிடுபவருக்குச் சொல்லிவிட்டு மறையுங்கள்.

இதற்கு நேர் எதிராக நிற்பது மாமியின் வழி. காயை மறைக்காமல், எனக்கு ஏற்கெனவே பிடித்த மச்சத்தோடு, அதாவது மீன், இறால், கருவாட்டோடு, சேர்த்து வைப்பது. கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு, நந்திக்கடல் இறால் போட்ட முருங்கையிலை வறை, நெத்தலிக் கருவாடு போட்ட வாழைப்பொத்தி. மாமி சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, காயைத் தேடி எடுக்க வேண்டாம். சோத்தோட பிரட்டேக்க வாறதை மட்டும் சாப்பிடுங்கோ." நான் இறாலைத் தேடிச் சாப்பிட்டேன், கூடவே இலையும் வந்தது. இலை என்று தெரிந்தேதான் விழுங்கினேன். எனக்கு அந்த வேறுபாடுதான் முக்கியமாகப் பட்டது.

இது வேலை செய்யக் காரணமும் இருக்கிறது. உப்பு கைப்பை அமுக்கும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். கருவாட்டின் உப்பு காயின் கைப்பையும் கயரையும் தணித்துவிடுகிறது. அதோடு, பிடித்த ஒரு சுவையோடு சேர்ந்து வரும் புதிய சுவையை நாக்கு மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் கருவாட்டைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். குறைக்காமல் விட்டால் கருவாட்டு உப்புப் பழகிவிடும், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாது. வீட்டில் சைவம் என்றால் இந்த வழி இல்லை. அப்போது பொரித்த வெங்காயமும் செத்தல் மிளகாயும் அந்த வேலையில் பாதியைச் செய்யும்.

மறைப்பதா, மச்சத்தோடு சேர்ப்பதா என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அடுத்தது சமையல் முறை. மரக்கறி பிடிக்காது என்று சொல்பவர்களில் பலருக்குச் சுவையைவிட வாயில் படும் விதம்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான். பூசணிக்காய்ப் பால்கறியின் குழைவு, வெண்டிக்காயின் வழுவழுப்பு, முற்றிய பயற்றங்காயின் நார் என்று ஒவ்வொன்றும் தொண்டையில் நிற்கும்.

அதனால் வறைக்கும் பால்கறிக்கும் நடுவில் தொடக்கத்துக்கு வறைதான் நல்லது. காயைச் சின்னதாக அரிந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து அவித்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறட்டி எடுத்தால் குழைவே இராது. கரட், கோவா, பயற்றங்காய், வாழைப்பொத்தி, முருங்கையிலை எல்லாம் இதற்குள் வரும். பால்கறி சத்தில் குறைந்தது என்று நினைக்கவேண்டாம். பூசணியிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், தேங்காய்ப்பால் அதைக் கொடுக்கிறது. வறையில் தேங்காய்ப்பூ அதே வேலையைச் செய்கிறது. கீரை வறையை இறக்கியபின் தேசிக்காய் பிழிந்துவிட்டால் இலையிலுள்ள இரும்புச்சத்தும் கூடுதலாகச் சேரும், புளிப்பில் பச்சை வாடையும் அடங்கும்.

வெண்டிக்காயை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் தோற்றேன். வழுவழுப்பு தண்ணீரோடு சேரும்போதுதான் கூடுகிறது. கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு வெட்டுங்கள். தாச்சியில் மூடாமல், நல்ல சூட்டில் வதக்குங்கள். குழம்பென்றால் முதலில் பொரித்துவிட்டுப் பழப்புளி விடுங்கள், புளிப்பும் வழுவழுப்பைக் குறைக்கும். வாங்கும்போது நுனியை முறித்துப் பாருங்கள். டக்கென்று முறியாவிட்டால் அது முற்றிய காய், புதிதாகப் பழகுகிறவருக்கு அதைக் கொடுக்கவேண்டாம்.

பாவற்காயைப் பால்கறியாகத் தொடங்குகிறவர் அன்றோடு அதை விட்டுவிடுவார். மெல்லிய வட்டமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, மொறுமொறுவென்று பொரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்துச் சம்பலாகப் போட்டால் கைப்பு பின்னுக்குப் போய்விடும். கைப்பு என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் தெரிவதும் இல்லை. 1931 இல் ஆர்தர் ஃபொக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தபோது பக்கத்தில் நின்றவர் கைக்கிறது என்றார், ஃபொக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. 2003 இல் அதற்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். கோவா, முள்ளங்கி வகைகளின் கைப்பு சிலருக்குக் கூடுதலாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். உங்கள் வீட்டில் ஒருவர் "கைக்குது" என்றால் அவர் நடிக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே கைக்கிறது.

இனி, ஒவ்வொரு கரண்டியாகப் பழகுவதா, விரதமா? கந்தசஷ்டி ஆறு நாளும் வீட்டில் மச்சம் இல்லை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் காலத்திலும் எங்கள் பக்கம் அப்படித்தான். "அந்த நாள்களில் பழகிக்கொள், வேறு வழி இராது" என்று சொல்வார்கள். நான் அந்த ஆறு நாளும் சோறு, பருப்பு, அப்பளம், தயிர் என்று ஓட்டிவிட்டேன். விரதம் முடிந்த அன்று மீன் குழம்புக்குத் தாவினேன். விரதத்துக்கு அதன் புனிதம் இருக்கிறது, அதை மரக்கறி பழகும் வகுப்பாக ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வேன், நாள் முழுக்கப் பசித்திருந்து மாலையில் சாப்பிட்ட பூசணிக்காய் முதல்முறையாகத் தொண்டையில் நிற்கவில்லை. அன்றிலிருந்து புதுக் காயை நல்ல பசியில்தான் தொடங்குகிறேன்.

ஒரு கரண்டி வழி மெதுவானது. ஒரே காயை, ஒரே விதமாகச் சமைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கரண்டி. அதற்கு மேல் யாரும் வற்புறுத்தக்கூடாது. குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில், பிடிக்காத காயை 8 முதல் 15 தடவை வரை ருசிக்கக் கொடுத்தால் பலர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பயற்றங்காய் ஒன்பதாவது தடவையில் இறங்கியது. வெண்டிக்காய்க்குப் பதினான்கு தடவை வேண்டியிருந்தது. நாலாம், ஐந்தாம் தடவையில் "இது சரிவராது" என்று தோன்றும், பலர் அங்கேதான் விடுகிறார்கள். நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணியதால் நான் விடவில்லை.

இலைக்கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் காலையில் வல்லாரையோ வேறு இலையோ போட்ட கஞ்சி சூடாகக் கிடைத்தால் குடியுங்கள், நல்லது. ஆனால் அது மென்று பழகாத சாப்பாடு. கஞ்சி குடித்தவருக்கு வல்லாரைச் சம்பல் தானாக இறங்காது.

தோட்டம் வேறு விதம். வீட்டுக்குப் பின்னால் மாரி மழையோடு பயற்றங்காயும் வெண்டியும் போட்டோம். முளை வந்ததும் மயில் கொத்தியது, வலை கட்டினோம், காய்த்த பிறகு குரங்கு வந்தது. இவ்வளவுக்கும் தப்பி வந்த காயைப் பிஞ்சாகப் பறித்து அன்றைக்கே வறுத்தபோது அதில் ஒரு இனிப்பு இருந்தது. சந்தையில் இரண்டு நாள் கிடந்த காயில் நான் அதைக் கண்டதில்லை. பழகுவதற்குத் தோட்டம் நல்ல துணை. ஆனால் ஆடி ஆவணியில் கிணறு வற்றும்போது அதை நம்பியிருக்க முடியாது, அப்போது பூசணியும் முருங்கையும்தான் கைகொடுக்கும்.

காயின் மணத்துக்கே வாந்தி வருகிறது, சாப்பிடும் வகைகள் குறைந்துகொண்டே போகின்றன, உடம்பு மெலிகிறது என்றால் இவை எதுவும் போதாது. அதை ஒரு நோயாக 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். கூச்சப்படாமல் வைத்தியரிடம் போங்கள்.

இப்போது என் கோப்பையில் பதினொரு வகை மரக்கறி வருகிறது. எல்லாமே மச்சத்தோடு தொடங்கி, வறையாகி, கரண்டி எண்ணிப் பழகியவை. போன மாதம் மாமி கருவாடு போடாமல் வெறும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார், காயோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்தேன். இப்போது புடலங்காய். நேற்று ஆறாவது தடவை, இன்னும் பிடிக்கவில்லை. நாளை ஏழாவது.