மெத்தடோனா, புப்ரெனார்பினா? வயிற்றில் பிள்ளையோடு முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக்கொடுத்த ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையை விட முடியாமல் மாட்டிக்கொண்டவள் நான். அமெரிக்காவில் இருக்கிறேன். அந்த நிலைமையிலேயே கர்ப்பம் உறுதியானபோது அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக டாக்டர் மெத்தடோன், புப்ரெனார்பின் என்று இரண்டு மருந்துகளைச் சொன்னார். நான் புப்ரெனார்பினை எடுத்தேன், குழந்தை பிறந்த பிறகும் தொடர்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியை ஊரிலிருந்து வரும் எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். "எல்லா மாத்திரையையும் நிறுத்திடு கண்ணு, பிள்ளைக்கு ஆகாது." பாசத்தில் சொல்வதுதான், ஆனால் கேட்காதீர்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே நிறுத்துவதைவிட மருந்தில் இருப்பதைத்தான் பரிந்துரைக்கிறது. நிறுத்தியவர்களில் நிறையப் பேர் திரும்பவும் பழக்கத்துக்குப் போகிறார்கள், அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருப்பதால் பழைய அளவே உயிரை எடுத்துவிடலாம்.

சரி, மெத்தடோன். பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவரும் மருந்து. இதை ஆரம்பிக்க உடம்பு நடுங்கும்வரை காத்திருக்க வேண்டாம். புப்ரெனார்பினுக்குப் பொதுவாகக் காத்திருக்க வேண்டும், பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே எடுத்தால் வித்ட்ராயல் (மருந்து இல்லாமல் போகும்போது வரும் நடுக்கம், வாந்தி, உடம்புவலி) ஒரேயடியாக வந்து தாக்கலாம். கடைசி மாதங்களில் உடம்பு மெத்தடோனை வேகமாகச் செலவழிப்பதால் அளவைக் கூட்டவோ, காலை மாலை என்று பிரித்துக் கொடுக்கவோ வேண்டிவரும். இந்த இரண்டு மருந்தையும் கர்ப்பிணிகளிடம் ஒப்பிட்டு 2010-இல் வெளியான மதர் (MOTHER) ஆய்வில் மெத்தடோன் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர்தான் பாதியில் விலகினார்கள், புப்ரெனார்பினில் 33 சதவீதம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, சிகிச்சையில் நிலைத்திருப்பதுதானே முதல் தேவை. என் பழக்கம் மாத்திரையோடு நின்றது. பென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டில் நாள்பட்ட பழக்கம் வேறு ரகம், அங்கே என் அனுபவத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் அதே ஆய்வு புப்ரெனார்பின் பக்கம் நிற்கிறது. இரண்டு மருந்திலும் பிறந்த குழந்தைக்கு நடுக்கம், கீச்சென்ற அழுகை, பால் குடிக்காமை எல்லாம் வரலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் புப்ரெனார்பின் குழந்தைகளுக்குச் சராசரியாக 10, மெத்தடோன் குழந்தைகளுக்கு 17.5. 2022-இல் வந்த பெரிய ஆய்வில் குறைப்பிரசவம் புப்ரெனார்பினில் 14.4 சதவீதம், மெத்தடோனில் 24.9. இதோடு பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரி குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதையும் முன்பே கேளுங்கள். பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா என்று பார்த்து, தாயின் மடியிலேயே வைத்துக் கவனிக்கும் முறையில் 8.2 நாளிலேயே குழந்தை வீட்டுக்குப் போகத் தயாரானது, வழக்கமான முறையில் 14.9 நாள் ஆனது என்று 2023 ஆய்வு சொல்கிறது. தாய்ப்பால் இரண்டு மருந்திலும் கொடுக்கலாம்.

இவ்வளவும் பிரசவம் வரைக்கும்தான். என்னை முடிவெடுக்க வைத்தது அதற்கு அப்புறம் வரும் ஒரு வருஷம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓபியாய்டு பழக்கமுள்ள தாய்மார்களைப் பார்த்த ஆய்வில், ஓவர்டோஸ் (அளவு மீறி உயிருக்கு ஆபத்தாவது) மிகக் குறைவாக இருந்தது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், மிக அதிகமாக இருந்தது குழந்தை பிறந்து ஏழாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள். நம்மவர்கள் வீட்டில் அந்தச் சமயம் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவம் பார்க்க வந்த அம்மாவுக்கு விசிட்டர் விசாவில் பெரும்பாலும் ஆறு மாதம்தான், அவர் ஊருக்குக் கிளம்பியிருப்பார். கணவர் வேலைக்குப் போய்விடுவார். ராத்திரித் தூக்கம் கிடையாது, பழைய முதுகுவலி குழந்தையைத் தூக்கித் தூக்கித் திரும்ப வந்திருக்கும். ஆபத்து கூடும் மாதங்களில்தான் வீடு காலியாக இருக்கிறது.

அந்த மாதங்களில் எந்த மருந்தை விடாமல் எடுக்க முடியும்? மெத்தடோனுக்கு அனுமதி பெற்ற கிளினிக்குக்கே போக வேண்டும், ஆரம்பத்தில் கிட்டத்தட்ட தினமும், பனி கொட்டினாலும் கார் சீட்டில் குழந்தையைக் கட்டிக்கொண்டு. 2024 விதிமுறைப்படி சிகிச்சையில் ஒரு மாதம் ஆனவர்களுக்கு 28 நாள் மருந்துவரை வீட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் கிளினிக்கின் கையில். புப்ரெனார்பினைச் சாதாரண மருந்துக்கடையில் வாங்கலாம். எழுதிக்கொடுக்க டாக்டருக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதியும் 2022 கடைசியில் போய்விட்டது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் இதை எடுத்தேன்.

தொல்லை இல்லாமல் இல்லை. நாக்குக்கு அடியில் வைத்தால் கசக்கும், கரையும்வரை விழுங்கவோ பேசவோ கூடாது, குழந்தை அழுதால் வாயை மூடிக்கொண்டே தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பேன். பல்லுக்குக் கெடுதல் என்பதால் கரைந்ததும் தண்ணீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் தேய்க்கிறேன். எந்த மருந்தானாலும் பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். தவழும் பிள்ளை ஒன்றை வாயில் போட்டாலே மூச்சு நின்றுவிடலாம்.

இன்னொன்று. புப்ரெனார்பின் தாங்கவில்லை என்றால் மெத்தடோனுக்கு மாறுவது சுலபம். மெத்தடோனிலிருந்து இதற்கு வருவது கஷ்டம், பொதுவாக அளவைக் குறைத்து வித்ட்ராயலுக்காகக் காத்திருக்க வேண்டும், கர்ப்பத்தில் அது நல்லதல்ல. அதனால் இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறவர்கள் புப்ரெனார்பினை முதலில் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே மெத்தடோனில் நன்றாக இருப்பவர்கள் நான் எழுதியதைப் படித்துவிட்டு மாற்றாதீர்கள்.