இரண்டு லைன், நாலு போர்ட், 23,600 ரூபாய்: டெலிபோன் கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கம்ப்யூட்டரில் செருகும் டெலிபோன் கார்டு ஒன்றை எனக்கு விற்ற ஆளின் வாட்ஸ்அப் படம் நேற்று ராத்திரி 11 மணிக்குக் காணாமல் போனது. அதற்கு முன் அனுப்பிய மூன்று செய்திக்கும் ஒற்றை டிக்தான். அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன், மணி போனது. "ஹலோ" என்றான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டாவது படுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தொகை 23,600 ரூபாய். பெரிய ஆட்களுக்கு இது ஒன்றுமில்லை. மண்டியில் மூட்டை தூக்குகிறவர் ஒருவரின் ஒரு மாதக் கூலிக்கு மேல் அது. என் கையால், நானே பின் போட்டு அனுப்பிய பணம்.

எங்களுக்கு ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டி. அப்பா காலத்து லேண்ட்லைன் இரண்டு இருக்கின்றன. செல்போன் எத்தனை வந்தாலும் கொடுமுடி, சிவகிரி பக்கத்து விவசாயிகள் இன்னமும் அந்த இரண்டு எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். தை, மாசியில் புது மஞ்சள் வந்துவிட்டால் காலை 8 மணியிலிருந்து "விரலி என்ன போச்சுங்க, கிழங்கு என்ன போச்சுங்க" என்று ஓயாமல் அடிக்கும்.

போன மாசியில் ஒரு சண்டை. நாங்கள் போனில் சொன்ன விலை ஒன்று, அவர் காதில் விழுந்தது ஒன்று. குவிண்டாலுக்கு 400 ரூபாய் வித்தியாசம். யார் சொன்னது சரி என்று நிரூபிக்க வழியில்லை. கடைசியில் அப்பாதான் விட்டுக்கொடுத்தார். அப்போது அக்கா மகன் சொன்னான்: "மாமா, பழைய கம்ப்யூட்டர் ஒன்னு சும்மாதானே கெடக்குது. ஆஸ்டரிஸ்க் போட்டா ரெண்டு லைனையும் அதுக்குள்ள கொண்டுவந்துரலாம். எல்லாக் காலும் பதிவாகும். சாப்ட்வேர் இலவசம், கார்டு மட்டும் வாங்கணும்."

ஆஸ்டரிஸ்க் என்பது கம்ப்யூட்டரையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக்கும் மென்பொருள். 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்கர் எழுதியது, இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. லேண்ட்லைன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகத்தான் கார்டு. நாலு போர்ட் கார்டு என்றால் குட்டிக் குட்டியாய் நாலு மாட்யூல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். சிவப்பு மாட்யூல் எஃப்எக்ஸ்ஓ, வெளியிலிருந்து வரும் லைனுக்கு. பச்சை எஃப்எக்ஸ்எஸ், உள்ளே வைக்கும் போனுக்கு. எங்களுக்கு வேண்டியது இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை.

வாங்கவும் விற்கவும் ஆட்களைச் சேர்த்துவைக்கும் ஒரு வியாபாரத் தளத்தில் தேடினோம். பெயர் சொல்லப் போவதில்லை. "நாலு போர்ட் அனலாக் கார்டு வேண்டும்" என்று போட்ட பத்து நிமிடத்தில் ஆறு பேர் கூப்பிட்டார்கள். ஐந்து பேருக்குச் சிவப்பு எது, பச்சை எது என்றே தெரியவில்லை. ஆறாவதாகக் கூப்பிட்டவன்தான் இவன்.

நான் ஏமாந்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கும் நாலு எழுத்துப் படித்த திமிர் உண்டு. ஆளைச் சோதிக்கலாம் என்று ஒரு கேள்வி போட்டேன்: "லைன் வர்ற எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு கான்ஃபிக் ஃபைல்ல என்ன சிக்னலிங் போடுவீங்க?" சிக்னலிங் என்றால் போர்ட் லைனோடு பேசும் முறை. தெரியாதவன் எஃப்எக்ஸ்ஓ என்றே சொல்லுவான். இவன் சிரித்தான். "சார், அங்கதான் எல்லாரும் விழுவாங்க. எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்எஸ் சிக்னலிங் போடணும். எதிர்ப்பக்கம் பேசற பாஷைய நாம பேசணும்ல?" சரியான பதில்.

அதோடு விடவில்லை. காலர் ஐடி வருமா என்று நான் கேட்பதற்கு முன்பே அவனே சொன்னான். நம் ஊர் லைன்களில் பெரும்பாலும் கூப்பிடுகிறவர் எண் டிடிஎம்எஃப் ஒலியாக (போன் பட்டனை அழுத்தினால் கேட்குமே, அந்தச் சத்தம்) வருமாம், லைனின் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ், மாறுவதை வைத்து அதைப் பிடிக்க வேண்டுமாம், அதற்காகவே ஆஸ்டரிஸ்கில் 'போலாரிட்டி' என்பதோடு இந்தியாவுக்கான 'ஐஎன்' சேர்த்துத் தனி அமைப்பு இருக்கிறதாம். அக்கா மகன் தேடிப் பார்த்தான். உண்மைதான். "மாமா, இந்த ஆளுக்கு வேலை தெரியும்" என்றான். எனக்கும் அதே நினைப்பு. வேலை தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று எந்த மடையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தானோ.

கொட்டேஷன் வந்தது. கார்டு 14,500, இன்ஸ்டலேஷன் 5,500, ஆக 20,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,600. மொத்தம் 23,600. "புத்தம் புதுசு, ஒரு வருஷம் வாரண்டி. ஸ்டாக் ரெண்டுதான் இருக்கு, ஒன்ன ஓசூர் பார்ட்டி கேட்டிருக்காங்க." பாதி இப்போது, பாதி வேலை முடிந்ததும் தருகிறேன் என்றேன். "உங்களுக்கே தெரியும் சார், கொரியர்ல அனுப்பிட்டு நாங்க எங்க போய் நிக்கறது?" என்றான். நான் வியாபாரி. பணம் வராமல் போனால் என்ன வலி என்று தெரிந்தவன். அந்தப் பேச்சு என்னைத் தொட்டுவிட்டது. க்யூஆர் கோடு அனுப்பினான். ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் இல்லை, ஏதோ ஒரு பெண் பெயர். கேட்டேன். "கம்பெனி அக்கவுண்ட் ஆடிட்டிங்ல இருக்கு சார், இது மேடம் அக்கவுண்ட்." கணக்குப்பிள்ளை பக்கத்தில்தான் இருந்தார். "ஆடிட்டிங்னா அக்கவுண்ட்ட மூடி வெப்பாங்களா கண்ணு?" என்று கேட்டார். காதில் போட்டுக்கொள்ளாமல் அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. பெட்டி இல்லை. செய்தித்தாளில் சுற்றிய கார்டு, ஓரத் தகட்டில் துரு. "குடோன் ஈரம் சார்." ஜிஎஸ்டி பில்லும் இல்லை. "மாசக் கடைசில வரும்." 3,600 ரூபாய் வரி கட்டியவனுக்கு இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டு வரவில்லை.

ரிமோட்டில் வந்து உட்கார்ந்தான். கார்டைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொண்டது, அதன் சிப்பின் பெயரை 'டைகர்ஜெட்' என்று காட்டியது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் வரவில்லை. அந்த டிரைவர் தொகுப்பின் பெயர் டாடி. 2008 வரை ஜாப்டெல் என்று இருந்ததாம், வர்த்தகப் பெயர்ச் சிக்கலில் மாற்றினார்களாம். அறைக்குள் நாங்கள் "டாடி வரல, டாடி வரல" என்று கத்திக்கொண்டிருக்க, அப்பா எட்டிப் பார்த்து "நான் இங்கதானடா இருக்கேன்" என்றார். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

டாடி வராததற்குக் காரணத்தை அவன் சொல்லவில்லை, அக்கா மகன் பிறகு கண்டுபிடித்தான். இந்த வகைப் பழைய கார்டுக்கான டிரைவரை டாடி 3-ஆம் பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்போ, விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் புதிய பதிப்பில் கம்பைல் ஆக மறுக்கிறது. "புத்தம் புது" கார்டுக்கு டிரைவர் இல்லை என்றால் அது எவ்வளவு புதிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவன் செய்த வைத்தியம், சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸைப் போடச் சொன்னது. 2020 நவம்பரோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிற்று. பையன் முகம் சுளித்தான். நான்தான் "போடுடா, வேலை ஆகட்டும்" என்றேன்.

ஒரு வழியாக முதல் லைன் வந்தது. இரண்டாவது லைன் 'ரெட் அலாரம்' என்றே நின்றது. போர்ட்டுக்கு லைன் மின்னழுத்தமே வரவில்லை என்று அதற்கு அர்த்தம். பச்சை போர்ட்டுகள் இரண்டும் பிணம். பச்சைக்குக் காரணம் எளிது. போனில் மணி அடிக்க வைக்கும் மின்னழுத்தத்தை அந்த மாட்யூல்தான் உண்டாக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து நாலு கம்பி கனெக்டர் ஒன்றைக் கார்டில் செருக வேண்டும். 5,500 ரூபாய் இன்ஸ்டலேஷன் வாங்கியவன் அதைச் சொல்லவே இல்லை. பையன் செருகியதும் பச்சை இரண்டும் உயிர் பெற்றன.

சரி, இரண்டாவது லைன்? இங்கிருந்துதான் அலைக்கழிப்பு. முதல் நாள், "டெலிபோன் ஆபீஸ்ல கம்ப்ளெயிண்ட் போடுங்க சார், லைன்ல பிரச்சினை." லைன்மேன் வந்து தன் போனை மாட்டிக் காட்டினார், டோன் கணீரென்று இருந்தது. மூன்றாம் நாள், "எர்த்திங் சரியில்ல." எலெக்ட்ரீஷியன் வந்தார், 600 ரூபாய். ஐந்தாம் நாள், "மதர்போர்டு ஸ்லாட் போயிருக்கும்." ஆறாம் நாள், "ஆன்டிவைரஸ எடுத்துட்டுப் பாருங்க." லினக்ஸில் ஏதடா ஆன்டிவைரஸ், நீதானே அதைப் போடச் சொன்னாய்!

பிறகு பையன் ஒரு காரியம் செய்தான். பவரை அணைத்துவிட்டு இரண்டு சிவப்பு மாட்யூலையும் கழற்றி இடம் மாற்றினான். இப்போது முதல் போர்ட் செத்து, இரண்டாவது வேலை செய்தது. மாட்யூலோடு சேர்ந்தே பழுதும் இடம் மாறிவிட்டது. லைனும் சரி, எர்த்தும் சரி, ஸ்லாட்டும் சரி, செத்தது மாட்யூல்தான். வீடியோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் வந்தது. நாலு மணி நேரம் கழித்துப் பதில்: "கழட்டினதால வாரண்டி போச்சு சார். நேர்ல வந்து பாக்கணும்னா சப்போர்ட் சார்ஜ் 2,500."

அன்றைக்குத்தான் கார்டின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், மஞ்சள் பூத்து, பேனாவில் எழுதிய ஒரு எண்ணும் "ரிஜெக்ட்" என்ற வார்த்தையும். எந்த ஆபீஸ் கழித்துப்போட்டதோ, எந்தக் காயலான் கடையில் கிடந்ததோ. அதற்கு 23,600.

நஷ்டம் இதோடு முடியவில்லை. எதிர்ப்பக்கம் போனை வைத்தாலும் எங்கள் லைன் விடாது. லைன் துண்டானது கார்டுக்குத் தெரியவில்லை. பிஸி டோனை வைத்துக் கண்டுபிடிக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை அவன் போடவே இல்லை. ஒரு நாள் ஏலம் நடக்கும் நேரம், முதல் லைன் 40 நிமிடம் எங்கேஜ்டாகவே கிடந்திருக்கிறது. எத்தனை பேர் கூப்பிட்டு விட்டுப் பக்கத்து மண்டிக்குப் போனார்களோ.

புகாருக்குப் போனேன். அந்தத் தளத்தில் பேசிய பெண், "நாங்க அறிமுகம் மட்டும்தான் சார், பேமெண்ட் உங்க ரெண்டு பேருக்குள்ள நடந்தது" என்றார். அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சரிபார்த்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ஃபோன் நம்பர் வெரிஃபை பண்ணிருக்கோம்" என்றார். வங்கியில், "நீங்களே பின் போட்டிருக்கீங்களே." சைபர் மோசடிப் புகார் எண் 1930-இல் பதிந்திருக்கிறேன், இரண்டு நாளாக அசைவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில், வியாபாரத்துக்கு வாங்கியதா என்றுதான் முதலில் கேட்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கத்தில் வாங்கினால் நுகர்வோர் கணக்கில் வராது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மண்டி அதில் வருமா என்று வக்கீலைக் கேட்க வேண்டும். வக்கீல் ஃபீஸ் 23,600-ஐத் தாண்டாமல் இருந்தால் சரி.

என்ன செய்ய வேண்டும் என்று பத்து விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி இரண்டரை, ஆத்திரத்தில் பாதி மறந்துவிட்டது. ஞாபகம் இருப்பதை மட்டும் சொல்கிறேன். பணம் தருமுன் நாலு போர்ட்டும் ஓடுவதை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், லைனைச் செருகி, போனை அடிக்கவிட்டு. இப்போதைய லினக்ஸில் அந்தக் கார்டுக்கு டிரைவர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணை வாங்கி அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், க்யூஆரில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நில்லுங்கள். இன்னொன்று, இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா: இரண்டு லைனுக்குக் கார்டே தேவையில்லை. எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ஒரு பக்கம் லைன், மறுபக்கம் நெட்வொர்க் வயர். கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம், டாடியும் வேண்டாம்.

அப்பா நேற்றுச் சாயங்காலமே இரண்டாவது லைனில் பழைய போனை மாட்டிவிட்டார். மாட்டிய ஐந்தாவது நிமிடம் அடித்தது. சிவகிரிக்காரர் ஒருவர். "ஏனுங்க, ஒரு வாரமா எடுக்கவே இல்லீங்களே, மண்டிய வித்துட்டீங்களா?"