"வண்டியில் ஏறாத பழைய சரக்கு" கேம்ஷாஃப்ட்டா? உஷார்!

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன்.

1960களின் ட்ரையம்ஃப் பைக்கின் இரட்டை சிலிண்டர் இன்ஜினைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு; சுருக்கமாகக் கேம்), முன்னால் புகை வெளியேறும் வால்வுகளுக்கான எக்ஸாஸ்ட், பின்னால் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வால்வுகளுக்கான இன்லெட். இன்லெட் தேய்ந்திருந்தது. பழைய உதிரிபாகம் விற்கும் தளம் ஒன்றில், "அந்தக் காலத்துக் கம்பெனிச் சரக்கு, வண்டியில் ஏறவே இல்லை" என்று போட்டிருந்தார்கள். விற்பவருக்குப் போன் செய்தேன். இன்ஜின் நம்பரெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வண்டிக்கு ஒத்து வராதுன்னா நானே வேண்டாம்னு சொல்லிடுவேன் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். பார்சலைப் பிரித்தால் மெழுகுத்தாள், பழுப்பேறிய கிரீஸ், பழைய கிடங்கு வாசனை. நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

நானூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, டேப்பெட் (கேம் மேல் உட்கார்ந்து, அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு) சத்தம். இடைவெளியைச் சரிசெய்தால் மறுநாளே திரும்ப வந்தது. ஆயிலை வடித்தேன், வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. கழற்றிப் பார்த்தால் ஒரு லோபின் (வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் புடைப்பு) மூக்கு மழுங்கி, பக்கத்து லோபைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. அடிவட்டம், அதாவது மூக்கில்லாத வட்டப் பகுதி, என் பழைய கேமைவிடச் சிறியது. அடிவட்டம் லேசில் தேயாது. அப்படியென்றால் யாரோ ஓட்டித் தேய்த்ததை, வடிவம் திரும்ப வரச் சுற்றிலும் அரைத்து விற்றிருக்கிறார்கள்.

அரைப்பது குற்றமில்லை, நல்ல பட்டறைகள் செய்கிற வேலைதான். ஆனால் கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதைத் தாண்டி அரைத்துவிட்டு, திரும்பக் கடினப்படுத்தாமல் விட்டால் மிஞ்சுவது மென்மையான இரும்பு. அரத்தை லோப் ஓரத்தில் வைத்தேன். வழுக்க வேண்டிய அரம் கடித்தது.

விற்றவரைக் கேட்டால், "என்ன ஆயில் ஊத்துனீங்க?" சொன்னேன். "பூட்டுன சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்." பூட்டாமல் எப்படித் தெரியும்? தளத்துக்காரர்களோ, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று ஒரே பதிலை மூன்று தடவை அனுப்பினார்கள். அரை மாதச் சம்பளம் ஐயா என்று எழுதினேன். படித்த அடையாளம் மட்டும் வந்தது.

எதையெதைச் சோதிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசில்லை. லோப் உயரம், அடிவட்டம் இரண்டையும் மைக்ரோமீட்டர் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். வந்ததும் வி-பிளாக்கில் (தண்டைத் தாங்கும் V வடிவப் பள்ளமுள்ள கட்டை) உருட்டி வளைவு பாருங்கள். பழைய டேப்பெட்டோடு கேமைப் பூட்டாதீர்கள்.

நான் புது டேப்பெட்தான் போட்டேன். அதன் அடியிலும் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தக் காசு இந்த அரை மாதச் சம்பளத்தில் சேரவில்லை.