குற்றவியல் நீதி பட்டதாரிக்கு வேலை வழிகாட்டல்: நான்கு அமர்வில் எனக்குக் கிடைத்தது

குற்றவியல் நீதியில் பட்டம் வாங்கிவிட்டு எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். "அப்போ போலீஸ்ல சேரப் போறியா?" என்று கேட்காத ஆளில்லை. எனக்கு அதில் விருப்பமில்லை. கண் பார்வையும் அதற்கு ஒத்துவராது. வேறு என்ன வழி என்று தெரியாமல் தவித்தபோதுதான் இந்த வழிகாட்டல் சேவையில் சேர்ந்தேன். ஒரு திறனறித் தேர்வு, அதற்கு ஓர் அறிக்கை, ஆலோசகருடன் ஆன்லைனில் நான்கு அமர்வுகள். கடைசி அமர்வு மாதிரி நேர்காணல். குறையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

முதலில் அந்தக் குறை. திறனறித் தேர்வு முடிந்ததும் இருபத்திரண்டு பக்க அறிக்கை வந்தது. எனக்குப் பொருத்தமான வேலைகளில் முதலிடம் தடயவியல் ஆய்வாளருக்கு. நம்பினேன். இரண்டு மாதம் ஆய்வக வேலைகளுக்கே விண்ணப்பித்தேன். ஒரு இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. பிறகுதான் விளம்பரங்களின் தகுதிப் பகுதியை ஒன்றொன்றாக நிதானமாகப் படித்தேன். வேதியியல், உயிரியல் பட்டம் கேட்டிருந்தார்கள். டிஎன்ஏ பிரிவு என்றால் மரபியலும் மூலக்கூறு உயிரியலும் உயிர்வேதியியலும் படித்திருக்க வேண்டும். 1910இல் லியோன் நகரில் போலீஸ் தடயவியல் ஆய்வகத்தைத் தொடங்கிய எட்மண்ட் லோக்கார்ட் மருத்துவமும் சட்டமும் படித்தவர். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் தடயம் மற்றொன்றில் தங்கும் என்ற அவருடைய கோட்பாட்டை மூன்று பருவத் தேர்வுகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தடயத்தை எடுத்துச் சோதிக்க என் படிப்பு கற்றுத்தரவில்லை. இந்த வித்தியாசம் தெரியாத ஓர் அறிக்கையைப் பட்டதாரியின் கையில் கொடுப்பது பெரிய தப்பு. புகார் எழுதினேன். தேர்வு முடிவு கணினி தானாகத் தயாரிப்பது என்று பதில் வந்தது. போன இரண்டு மாதம் போனதுதான்.

அதோடு விட்டிருந்தால் இந்த விமர்சனம் இங்கேயே முடிந்திருக்கும். இரண்டாவது அமர்வுக்கு வேறொரு ஆலோசகரை மாற்றிக் கொடுத்தார்கள். இருபது வருடம் நன்னடத்தை அலுவலராக, அதாவது சிறைக்கு அனுப்பாமல் வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். என் மதிப்பெண் பட்டியலை அவர் கேட்கவேயில்லை. "படிக்கும்போது நீங்க எழுதின ரிப்போர்ட் ஏதாவது இருந்தா அனுப்புங்க" என்றார். களப்பயிற்சியில் ஓர் இளைஞனைப் பற்றி எழுதிய ஒரு பக்க அறிக்கையை, பெயர் ஊரெல்லாம் நீக்கிவிட்டு அனுப்பினேன்.

அதை அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டு, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார். "திமிராக நடந்துகொண்டார்" என்ற வரியின் கீழே இரட்டைக் கோடு. அமர்வில் கேட்டார்: "திமிருன்னு சொல்றீங்க. நீங்க கண்ணால பார்த்தது என்ன?" யோசித்துச் சொன்னேன்: மூன்று தடவை கேட்டும் பதில் சொல்லவில்லை, நான்காவது தடவை எழுந்து வெளியே போய்விட்டான். "அதைத்தான் எழுதணும். நீதிபதி இந்தப் பையனைப் பத்து நிமிஷம்தான் பார்ப்பார். மத்ததெல்லாம் உங்க பேப்பர்லதான் இருக்கு." அந்த ஒரு பக்கத்தில் இப்படிப் பதினொரு சொற்கள் அடிபட்டன. வலித்தது. ஆனால் மூன்று வருடப் படிப்பில் யாரும் என் எழுத்தை இவ்வளவு உன்னிப்பாகப் படித்ததில்லை.

1841இல் பாஸ்டனில் ஒரு குடிகாரருக்குத் தானே ஜாமீன் நின்ற செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸைப் பற்றியும் சொன்னார். நன்னடத்தைக் கண்காணிப்பு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஏறக்குறைய 2,000 பேருக்கு அப்படி நின்றிருக்கிறார். யாருக்காக நின்றோம் என்று ஒழுங்காகக் குறித்தும் வைத்தார். "இந்தத் துறையில பாதி வேலை அந்தக் குறிப்புதான்" என்றார் ஆலோசகர்.

மூன்றாவது அமர்வில் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே தினமும் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று பார்த்தோம். சிறையில் கைதிகளின் மறுவாழ்வுத் திட்டம், நீதிமன்ற அலுவலகம், காப்பீட்டு மோசடி விசாரணை எல்லாம் வந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பணியைப் பற்றி அவர் எதையும் மறைக்கவில்லை. அடுத்தவர் துயரத்தைத் தினமும் கேட்டுக்கேட்டு நம் தூக்கமும் கெடும், மேலே பேசித் தீர்க்க ஓர் அதிகாரி இல்லாத இடத்தில் சேராதீர்கள் என்றார். டிஜிட்டல் சான்று வேலையில் எனக்கு ஆசை வந்தது. ஒரு ஹார்டு டிஸ்கை நகலெடுக்குமுன் அதில் எதுவும் மாறாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவியை மாட்டுவது, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்று பதிவது: இதில் பதிவு மட்டும்தான் எனக்குப் பழக்கம், மற்றதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். குற்றத் தரவு பகுப்பாய்வுக்கும் அப்படித்தான். எக்செல், தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி, வரைபட மென்பொருள் எல்லாம் தெரிய வேண்டும். இதற்குச் சேவை தந்தது இரண்டு வீடியோ இணைப்புகள் மட்டுமே. போதவே போதாது.

கடைசியில் அவர் காட்டிய திசை நான் நினைத்தே பார்க்காதது: வங்கி. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989இல் எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பு உருவானது. அதன் 40 பரிந்துரைகளில் 20ஆவது, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையை வங்கிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த அறிக்கையை எழுத ஆள் வேண்டுமே.

மாதிரி நேர்காணலில் ஒரு கற்பனைக் கணக்கைக் கொடுத்தார். பதினொரு நாளில் ஒன்பது ரொக்க வரவுகள், மூன்று கிளைகளில், ஒவ்வொன்றும், வங்கி தானாகவே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொகை வரம்புக்குக் கொஞ்சம் கீழே. நான் "இது கறுப்புப் பணம்" என்று தொடங்கினேன். மறுபடியும் அதே பென்சில். "தீர்ப்பு சொல்ல நாம யாரு? என்னைக்கு, எங்க, எவ்வளவு, இவங்க சொன்ன தொழிலுக்கு இது ஏன் பொருந்தலைன்னு எழுதுங்க." சந்தேகம் எழுந்ததை வாடிக்கையாளருக்குக் கோடி காட்டவே கூடாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு வங்கியின் உண்மையான நேர்காணலில் ஏறக்குறைய இதே பயிற்சியைத் தந்தார்கள். கை நடுங்காமல் எழுதினேன். பின்னணிச் சரிபார்ப்பு நீளும், பழைய முகவரி முதல் கடன் விவரம் வரை தயாராக வையுங்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் அதிலும் தடுமாறவில்லை. வேலையில் சேர்ந்து பதினான்கு மாதமாகிறது. மோசடி ஆய்வாளர்களுக்கான சிஎஃப்இ சான்றிதழுக்கு இப்போது படிக்கிறேன். அதைப் பற்றிச் சொன்னது உடன் வேலை பார்க்கும் அக்காதான்; சேவையின் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையும் ஆலோசகருக்கு. இதுபோன்ற சேவையில் சேருவதாக இருந்தால், காசு கட்டும் முன்பே, எதிரில் உட்காரப்போகிறவர் இந்தத் துறையில் என்ன வேலை பார்த்தவர் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சேர வேண்டாம். சேர்ந்தால், நீங்கள் எழுதிய ஓர் அறிக்கையை முதல் நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.